ஏ.எம்.சி. போடும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். ஆய்வகத்தில் 20 கணினிகள். எந்நேரமும் ஆறேழு படுத்தே கிடக்கின்றன. சர்வீஸ்காரர் வர ஒரு வாரம் ஆகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) போட்டால் தீருமா?

பதில்: போடலாம், ஆனால் உடனே வேண்டாம். முதலில் எது அடிக்கடி கெடுகிறது என்று தெரியட்டும். ஒவ்வொரு சி.பி.யூ., மானிட்டர், யூ.பி.எஸ். மீதும் எண் எழுதுங்கள். ஒரு நோட்டில் தேதி, எண், கண்ட கோளாறு, செய்த வேலை ஆகியவற்றை ஒரு பருவம் குறித்து வாருங்கள். "ஓடவில்லை" என்று எழுதிப் பயனில்லை. "ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தம் தொடர்ந்து வருகிறது" என்று எழுதினால் சர்வீஸ்காரர் முதல் தடவையே வேண்டிய பாகத்தோடு வருவார்.

அந்தப் பீப் பெரும்பாலும் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) தொல்லைதான். வாரண்டி முடிந்த கணினி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். திரையே வரவில்லையா? நன்றாக ஓடும் பக்கத்துக் கணினியின் கேபிளையும் மானிட்டரையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். தேதி தானாகப் பழைய ஆண்டுக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல் தீர்ந்திருக்கும். தேதி தப்பினால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். எல்லாரும் நெட் போச்சு என்று இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுவார்கள், பாவம்.

எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகம்), யூ.பி.எஸ். இரண்டையும் மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம். சி.பி.யூ. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னாலும் அன்றைக்கு ஆய்வகத்தை மூடிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் எந்த ஒப்பந்தம் போட்டும் பலனில்லை.

மாணவர்களுக்கு அட்மின் உரிமை (மென்பொருள் நிறுவ, அமைப்பை மாற்ற அனுமதி) இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். பென்டிரைவ் வைரஸ் தொல்லை ஓரளவு குறையும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போடுங்கள். பைத்தான், சி++, லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதில் தாராளமாக ஓடும்.

இனி ஒப்பந்தம். உதிரிபாகமும் சேர்ந்ததா, கூலி மட்டுமா என்று கேளுங்கள். சேர்ந்தது என்பார்கள், ஆனால் யூ.பி.எஸ். பேட்டரியை ஒரு மூலையில் விலக்கியிருப்பார்கள். எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், கடைக்கு எடுத்துப்போனால் மாற்றுக் கணினி உண்டா, இந்த இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். நோட்டைப் புரட்டும்போது பழுதில் பெரும்பாலானவை ரேம், கேபிள் வகை என்று தெரிந்தால், ஒப்பந்தப் பணத்தில் இரண்டு மானிட்டர், ஓர் எஸ்.எம்.பி.எஸ்., சில கேபிள்கள் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதே லாபம்.