போர்ச் செய்தியில் புனிதம் பேசும் மகன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எந்நேரமும் போனில் போர்ச் செய்திதான் பார்க்கிறான். 'இது தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடக்கிற யுத்தம்' என்று எழுதிப் பகிர்கிறான். குழந்தைகள் செத்ததைச் சொன்னால், 'எந்தப் பக்கத்துக் குழந்தைகள்?' என்கிறான். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. எந்நேரமும் போன் பார்ப்பதைவிட, அந்தக் கேள்விதான் என்னையும் கவலைப்படுத்துகிறது.

இந்தப் பேச்சை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரிய இடத்து ஆட்கள். 2001 செப்டம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ், பயங்கரவாதத்துக்கு எதிரான தன் போரைச் 'சிலுவைப் போர்' என்றார். உக்ரைன் போரை 2024 மார்ச்சில் 'புனிதப் போர்' என்று அறிவித்தது, ரஷ்யத் திருச்சபைத் தலைவர் கிரில் தலைமையிலான மாமன்றம். எல்லைத் தகராறு என்றால் பேசித் தீர்க்க வழி உண்டு. கடவுளின் போர் என்று ஆக்கிவிட்டால், சமாதானம் பேசுகிறவன் துரோகியாகிவிடுகிறான்; எதிரில் சாகிறவன் மனிதக் கணக்கிலேயே வருவதில்லை. 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஒரு வானொலி, துட்சி என்ற சிறுபான்மை இன மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்று அதற்கு ஒரு வானொலி நிலையம் தேவைப்பட்டது. இன்று ஆளாளுக்குக் கையில் போன் இருக்கிறது.

எந்த நாடு சரி என்று மட்டும் அவனிடம் வாதாடாதீர்கள். அவன் இன்னும் பத்துப் பதிவுகளோடு வருவான். சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து, அவன் பகிர்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்மம், தியாகி, அரக்கர் கூட்டம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர், யார் பார்த்துச் சொன்னது? பல பதிவுகளில் மிச்சம் ஒன்றுமே தேறாது. வீடியோ என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கட்டும். 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமின் காட்சிகளைப் போர்க்களம் என்று பரப்புகிறார்கள் என்று, அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் எச்சரித்தது. இதையெல்லாம் அவனே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும்.

அப்புறம், அவன் பக்தியைக் கேலி செய்துவிடாதீர்கள். செத்தவர் யாராக இருந்தாலும் அவருக்காக வேண்டிக்கொள் என்று சொல்கிற பெரியவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த, அவன் மதிக்கிற ஒருவரைப் பேசவிடுங்கள்.

தூக்கம் கெட்டு, நண்பர்களை விலக்கி, அடி, கொல்லு என்று அவனே எழுத ஆரம்பித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.