வாடகைக்கா, சொந்தமாகவா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பெங்களூருவில் 11 மாத வேலை. ஃபிரிட்ஜ் மாதம் 900 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. புதிது 20,000. எது லாபம்? (வாசகர், சேலம்)

பதில்: 11 மாதம்தான் என்பது உறுதியானால் வாடகைதான். மொத்தம் 9,900 ஆகும். புதிதாக வாங்கி ஒரு வருடத்தில் விற்றால் பாதி விலை கிடைப்பதே பெரிது, வண்டிக்கூலி வேறு. ஆனால் வேலை நீண்டால் வாடகையும் சத்தமில்லாமல் நீளும். மாதம் 900 என்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 22 மாதத்தில் ஏறக்குறைய முழு விலையும் போயிருக்கும், ஃபிரிட்ஜ் கம்பெனியுடையதாகவே இருக்கும். மாத வாடகையை மாதங்களால் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஃபிரிட்ஜ் வீட்டில் வந்து இறங்கும்போதே கீறல், சொட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து கம்பெனியின் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட்டில் பிடிப்பது அதற்காகத்தான்.

கேள்வி: கிண்டிலில் வாங்கிய புத்தகம் எனக்குச் சொந்தமா? (வாசகர், கோவை)

பதில்: படிக்கும் உரிமை மட்டும்தான். 2009-இல் அமேசான், விற்ற புத்தகங்களையே வாசகர்களின் கருவிகளிலிருந்து நீக்கியது. திரும்பத் திரும்பப் படிக்கும் புத்தகத்தை அச்சில் வாங்குங்கள்.

கேள்வி: குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு, எதுவும் எழுதவில்லை. அது தெரியாமல் இந்தக் கேள்வியை அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? டிடிஎஸ் மீட்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500-க்குக் கீழே இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற தொல்லையும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால் ஆர்.ஓ.வே வேண்டாம், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யுவி மெஷின் போதும்.

டிடிஎஸ் 500-க்கு மேலே இருந்தால், பெரும்பாலான வீடுகளுக்கு வாடகை நல்லது என்பேன். காரணம் மெஷினில் இல்லை, அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. சொந்த மெஷின் என்றால் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்ததும் 'தண்ணீர்தான் வருகிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரையும் குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரையும் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். போர் தண்ணீருக்கு 6 மாதம்தான். செடிமென்ட் ஃபில்டர் அடைத்தால் பம்ப் திணறும். கார்பன் தீர்ந்துபோனால், குளோரின் கலந்த தண்ணீர் நேரே உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்குப் போய் அதைக் கெடுக்கும். 600 ரூபாய் ஃபில்டரைத் தள்ளிப்போட்டு, 2, 3 வருடம் உழைக்க வேண்டிய 2,000 ரூபாய் மெம்பிரேனைத் தொலைப்பது இப்படித்தான். வாடகை மெஷினில் ஃபில்டர் செலவு கம்பெனியுடையது. அதனால் தண்ணீர் கொஞ்சம் மெலிந்தாலே போன் போட்டுவிடுகிறார்கள்.

வாடகைக்கு வேறு வியாதி உண்டு. 'அன்லிமிடெட்' என்றதும் பாத்திரம் கழுவுவதும் அதே தண்ணீரில் ஆரம்பமாகிவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2, 3 லிட்டர் கழிவாகப் போகிறது. தண்ணீருக்கு அல்லாடும் ஊரில் இதைச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர், மாதம் 600 லிட்டர் திட்டம் தாராளம். கழிவுக் குழாயை வாளியில் விட்டு, வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுங்கள். மெஷின் மாட்டிய அன்றே வெளிவரும் தண்ணீரின் டிடிஎஸ்ஸைக் குறித்து வையுங்கள். பின்னால் அது இரட்டிப்பானால் மெம்பிரேனை மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் கேட்காவிட்டால் கம்பெனிக்காரர்களும் தள்ளிப்போடுவார்கள்.

கேள்வி: வருடத்துக்கு நான்கு விசேஷம். அண்டா, தவலை வாங்கிவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். மற்ற நாளெல்லாம் அவை இடத்தை அடைக்கும், பித்தளை என்றால் ஈயம் பூசும் செலவும் உண்டு. வாடகைக் கடையில் கரண்டி, டம்ளர்களை எண்ணி வாங்குங்கள். ஒடுங்கியவற்றை அங்கேயே படம் எடுங்கள்.

கேள்வி: வெளிநாடு போகிறோம். கேஸ் சிலிண்டரை விற்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கூடாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் கட்டியிருப்பது டெபாசிட். இரண்டையும் எஸ்வி தாளோடு (இணைப்பு எடுத்தபோது டெபாசிட்டுக்குக் கொடுத்த ரசீது) ஏஜென்சியில் ஒப்படையுங்கள். தாளில் போட்டிருக்கும் தொகைதான் திரும்ப வரும், 14.2 கிலோ சிலிண்டருக்கு இன்றைய டெபாசிட் 2,200 ஆயிற்றே என்று சண்டை போடாதீர்கள். அடுப்பு உங்களுடையது, அதை விற்கலாம்.

கேள்வி: ஓடிடி ஆப்பை நீக்கிவிட்டேன். மாதம் 299 போய்க்கொண்டே இருக்கிறது. இது மோசடிதானே? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை, உங்கள் கவனக்குறைவு. ஆப்பை நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு. முதலில் அந்தக் கணக்கில் உள்ளே போய் ரத்து செய்யுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து அனுமதியையும் ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் தளத்தில் இ-மாண்டேட் பகுதி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். ரத்து செய்யும் வழியையே ஒளித்து வைத்திருந்தால் மட்டும் புகார் கொடுங்கள். 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய விதிகளில் 'சந்தாப் பொறி'யும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்களைச் சேமித்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.