கையால் சுற்றி வேலிக்குழி போட முடியுமா? சில கேள்விகள், சில பதில்கள்

காங்கேயம் பக்கம் ரொம்ப நாள் லேத் பட்டறை நடத்தியவன் நான். இப்போது தோட்டம் மட்டும்தான். வேலிக்குழி போட ஒரு காலத்தில் கைமிஷின் செய்து பார்த்தேன் என்று யாரோ சொல்லப் போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தாராபுரத்திலிருந்து: கையால் சுற்றி வேலிக்கால் குழி எடுக்கும் மிஷின் என்று சொல்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது அண்ணா? வாங்கலாமா?

ஒரே பேரில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று, குழாயின் அடியில் திருகோ, இரண்டு இலை வைத்த வாளியோ இருக்கும். தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் செக்கு மாடு போல நாமே சுற்ற வேண்டும். கடைக்காரர்கள் ஹேண்ட் ஆகர் என்பார்கள். இன்னொன்றுதான் உண்மையான மிஷின். ஒரு ஸ்டாண்டு, அதில் இரண்டு பல்சக்கரம், பக்கவாட்டில் ஒரு கிராங்கு. பழைய டீசல் இன்ஜினை ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வோமே, அந்தச் சுற்றுதான். நாம் பக்கவாட்டில் சுற்றினால் கியர் அதைத் திருப்பி, செங்குத்தாக நிற்கும் திருகைச் சுற்றும்.

வாங்கலாமா என்றால், முதல் சாமானை வாங்குங்கள். இரண்டாவதை வாங்கும் முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, நீங்கள் செய்த மிஷினைப் பற்றிச் சொல்லுங்கள். நாங்கள் காலேஜ் புராஜெக்டாக அதே மாதிரி ஒன்று செய்ய நினைக்கிறோம்.

சொல்கிறேன் தம்பி. நான் பட்ட பாடு உங்களுக்குப் பாடமாகட்டும்.

பழைய இரும்புக் கடையில் ஒரு ஜீப்பின் டிஃபரன்ஷியல் கிடைத்தது, அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி. அதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றினால், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று வரும். அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, ஆக்சில் போகும் இடத்தில் திருகுத் தண்டை மாட்டினேன். பினியனில் கிராங்கு. கணக்கு அழகாகத்தான் வந்தது. 35 செ.மீ. கை, 15 கிலோ தள்ளு. அதை ஐந்தால் பெருக்கி, உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் ஒரே ஆள் இரண்டு ஆளின் முறுக்கை, அதாவது சுற்றும் பலத்தை, கொடுக்கலாம்.

ஆனால் அந்த முறுக்கு சும்மா வருவதில்லை. குறுக்குக் கைப்பிடி போட்ட சாதாரணக் குழாயை இரண்டு பேர், ஆளுக்கு 60 செ.மீ. தூரத்தில், 20 கிலோ வீதம் தள்ளினாலும் கிட்டத்தட்ட அதே முறுக்குதான். ஜீப் கியருக்கு நான் கொடுத்த காசும் வெல்டிங் ராடும் அந்த இரண்டாவது ஆளின் கூலியை மிச்சம் பிடிக்க மட்டும்தான். வேகமும் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் இரண்டு அடிக் குழிக்குத் திருகு 60 சுற்று சுற்ற வேண்டும். நான் 300 முறைக்கு மேல் கிராங்கு அடிக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது. முதலாவது, திருகு ஒரு பக்கம் சுற்ற, மண் பிடித்ததும் ஸ்டாண்டு எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று காலிலும் முளை அடித்தேன். முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்க என் மச்சானைக் கூப்பிட்டேன். ஒரே ஆள் மிஷின் என்று சொன்னது அத்தோடு போயிற்று.

இரண்டாவதைத்தான் கையால் சுற்றுகிற மிஷின் செய்கிற எல்லோரும் மறக்கிறார்கள். மண்ணை யார் மேலே கொண்டு வருவது? பெட்ரோல் மிஷின் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றுவதால் மண் தானே திருகில் ஏறி வெளியே சிதறும். கையால் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து சுற்று என்றால் மண் இலையின் மேல் உட்கார்ந்தே இருக்கும். அரை அடிக்கு ஒருமுறை தூக்கி உதறியே ஆக வேண்டும். 9 அங்குல அகலம், இரண்டு அடி ஆழக் குழியில் சுமார் 25 லிட்டர் மண், அதாவது 40 கிலோ வரும். சும்மா ஆகர் என்றால் நான்கைந்து தடவை தூக்கினால் முடிந்தது. என் மிஷினில் அதன் தலையில் 60 கிலோ ஜீப் இரும்பு உட்கார்ந்திருந்தது!

பிறகு கிரவுன் நடுவில் சதுர ஓட்டை போட்டு, சதுரக் கம்பி மட்டும் ஏறி இறங்கும்படி மாற்றி, மேலே ஒரு கப்பியும் கயிறும் கட்டினேன். ஓடியது. எட்டுக் குழி போட்டேன். ஒவ்வொரு குழிக்கும் மிஷினைத் தூக்கி வைக்க ஆன நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கடப்பாரைக்காரர் இன்னொரு குழியை முடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த டிஃபரன்ஷியல் திரும்ப இரும்புக் கடைக்கே போயிற்று.

நீங்கள் செய்வதென்றால் சுற்றுவதை விட்டுவிட்டு, தூக்குவதை எளிதாக்குங்கள் தம்பி. மண்ணோடு வரும் ஆகரை இடுப்பு வலிக்காமல் மேலே கொண்டு வர ஒரு நெம்புகோல் செய்தால் நானே வாங்குவேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: ஒரு ஏக்கர் செம்மண். கையால் போட்டால் எத்தனை நாள் ஆகும்?

சதுரமான ஏக்கர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. 10 அடிக்கு ஒரு கால் வைத்தால் 84 கால். அதோடு மூலைக்கும் கேட்டுக்கும் முட்டுக் கால்கள் சேரும். நூறு குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் நீள வாக்கில் இருந்தால் சுற்றளவு கூடும்.

ஈரமுள்ள செம்மண்ணில் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றினால் ஒரு குழி 15, 20 நிமிடம். நாளைக்கு இருபது குழிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மதியத்துக்கு மேல் கை ஓய்ந்துவிடும். ஆக ஐந்து நாள். இதே செம்மண்ணைச் சித்திரை வெயிலில் தொட்டால் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், ஆகர் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி, தை மாதம்தான் குழிக்கு நல்ல நேரம். அவசரம் என்றால் குழி போடும் இடத்தில் கடப்பாரையால் அரை அடி கொத்தி, முந்தின நாள் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் வெண்ணெய் இல்லாவிட்டாலும் வெல்லம் அளவுக்கு இளகியிருக்கும்.

அதே நண்பர்: 6 அங்குல ஆகர் வாங்கட்டுமா, 9 அங்குலமா, 12 அங்குலமா?

உங்கள் காலைப் பொறுத்தது. சதுரக் காலின் மூலைக்கு மூலை அளவைப் பாருங்கள். 4க்கு 4 சிமெண்ட் காலுக்கு மூலைவிட்டம் ஐந்தே முக்கால் அங்குலம் வரும். 6 அங்குலக் குழியில் காலே இறங்கிவிடும், ஆனால் சுற்றி மண் இடிக்கக் கடப்பாரை நுழையாது. அதற்கு 9 சரி. 6க்கு 6 கல்லுக்காலுக்கு மூலைவிட்டம் எட்டரை. அதற்கு 12 வேண்டும். கல்லுக்கால் எதுவும் கோடு போட்ட மாதிரி இருக்காது, வயிறு தள்ளியும் இருக்கும்.

12 அங்குல ஆகரைக் கையால் சுற்ற ஆசைப்படாதீர்கள். அகலம் இரண்டு மடங்கானால் மண் நான்கு மடங்கு. கல்லுக்காலுக்கு நான் செய்வது இதுதான்: 9 அங்குலத்தில் நேராக இறக்கிவிட்டு, பிறகு சுற்றிக் கடப்பாரையால் சீவி உள்ளே தள்ளி, அதே ஆகரால் அள்ளி எடுப்பேன். நடுவில் ஓட்டை இருந்தால் ஓரம் சுலபமாகச் சரியும்.

கோவில்பட்டியிலிருந்து: எங்களுடையது கரிசல். ஆகரில் மண் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. நட்ட கால்களும் இரண்டு வருடத்தில் சாய்கின்றன.

இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகம். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒவ்வொரு மழைக்கும் கோடைக்கும் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும்.

குழி எடுக்க, மழை ஓய்ந்து சேறு வற்றி, வெடிப்பு விழுவதற்கு முந்தைய சில வாரங்களைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு முறையும் இலையை முக்கி எடுங்கள். ஒட்டியதைக் கொத்தனார் கரண்டியால் வழித்துவிடுங்கள். முழுத் திருகு வேண்டாம். திறந்த இலை வைத்ததுதான் கரிசலுக்கு நல்லது.

கால் சாயாமல் இருக்க இரண்டு அடியை இரண்டரை, மூன்று அடியாக்குங்கள். வெட்டிய கரிசலையே திரும்பப் போட்டு மூடாதீர்கள். கிராவலும் உடைகல்லும் கொண்டு வந்து அரை அடி அரை அடியாகப் போட்டு இடியுங்கள். குழியின் வாயில் மட்டும் மண்ணைச் சுற்றி மேடாக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி விடுங்கள்.

பல்லடத்திலிருந்து: ஒன்றரை அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் படிவு, வருகிறது. கைமிஷின் தாங்குமா?

தாங்காது. எந்தக் கைமிஷினும் தாங்காது. இலைதான் மழுங்கும். சுக்கானுக்குக் கடப்பாரைதான். குத்தி உடைத்து, ஆகரை வாளி மாதிரி வைத்து அள்ளுங்கள். மூலைக் கால்களுக்கு மட்டும் முழு ஆழம் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் கம்பி இழுவை முழுக்க அங்கேதான் போய் நிற்கும். நடுக் கால்கள் ஒன்றரை அடியில் சுக்கானில் உட்கார்ந்தால் கான்கிரீட் போட்டு விட்டுவிடலாம். கணக்காகப் பார்த்தால் ஏழு அடிக் காலுக்கு இரண்டு அடியாவது உள்ளே போக வேண்டும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட வளவில் கொஞ்சம் மண்தான், கீழே முழுக்கச் சுண்ணக்கல். நாங்கள் அலவாங்கால் குத்திக் கதியால் நடுறனாங்கள். இந்தக் கருவி எங்களுக்கு உதவுமா?

உதவாது ஐயா. உங்கள் அலவாங்குதான் எங்கள் கடப்பாரை. அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கதியால் என்பது நட்டால் வேர் விடும் தடிதானே, அந்த வேலிக்கு அகலக் குழியே வேண்டாமே! தடி நுழையும் அளவுக்கு ஓட்டை போதும், பிறகு வேர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கொறங்காட்டிலும், அதாவது மாடு மேயும் வேலியடைத்த காட்டிலும், கிளுவைக் குச்சியை அப்படித்தான் நடுகிறோம். கிளுவை பிடித்து வளர்ந்த வேலியைப் பார்க்கும்போது, நான் ஜீப் கியரோடு மல்லுக்கட்டியது எதற்கு என்று தோன்றும்.

நாமக்கல்லிலிருந்து: அப்படியானால் பெட்ரோல் மிஷின்தான் வழியா?

நூறு குழிக்கு மேல், கல் இல்லாத மண் என்றால் வாடகைக்கு எடுங்கள். ஒருநாள் வேலைக்காக விலைக்கு வாங்கி மூலையில் போடாதீர்கள். என் ஸ்டாண்டு எதிர்ப்பக்கம் சுற்றிய கதையைச் சொன்னேனே, பெட்ரோல் மிஷினில் அந்த ஸ்டாண்டு நீங்கள்தான். வேரிலோ கல்லிலோ திருகு சிக்கினால் கைப்பிடி உங்களை வீசும். கால் அகட்டி நில்லுங்கள், ஆக்சிலேட்டரை ஒரேயடியாக முறுக்காதீர்கள், துண்டும் லுங்கியும் வேண்டாம். ஒல்லியான ஆள் தனியாகப் பிடிக்கக் கூடாது. டிராக்டரில் மாட்டும் டிக்கர் இன்னும் சுலபம், ஆனால் வரப்பு ஓரத்தில் டிராக்டர் போக வழி இருக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: ஆகரின் இலை மழுங்கிவிட்டது. மாற்ற முடியுமா?

முதலில் அரம் போடுங்கள், மேல்பக்கம் மட்டும். அதுவும் தேய்ந்துவிட்டால் கொல்லரிடம் லாரிப் பட்டையில் ஒரு துண்டு கேளுங்கள்; அருவாள் அடிக்கும் அதே இரும்புதான். வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு மாட்டினால் அடுத்த முறை கழற்றுவது சுலபம்.

தேனியிலிருந்து: இதே ஆகரால் மரக்கன்றுக்கும் குழி போடலாமா?

போடலாம், ஆனால் தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி என்று சொல்வார்களே, அதற்கு இது ஈடாகாது. களிமண்ணில் இன்னொரு சங்கடம் உண்டு. சுற்றும் இலை குழியின் சுவரைப் பானை மாதிரி வழவழப்பாக்கிவிடும். வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே வட்டமடிக்கும். கன்று வைக்கும் முன் சுவரைக் கடப்பாரையால் நாலு பக்கமும் கீறிவிடுங்கள். வேலிக்காலுக்கும் கீறினால் நல்லதே. போடும் மண் பிடித்துக்கொள்ளும்.

கரூரிலிருந்து: குழி போடும்போது சொட்டுநீர்க் குழாயை உடைத்துவிட்டேன். முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

குழாய் போட்டவரைக் கேட்பதுதான் முதல் வழி. அவரும் மறந்திருப்பார். வால்வு இருக்கும் இடங்களுக்கு இடையே நூல் கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். சந்தேகமான இடத்தில் ஆகர் வேண்டாம், மண்வெட்டியால் மெதுவாக. மோட்டார் கேபிள் போகும் பக்கம் என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அந்தியூரிலிருந்து: எல்லாக் குழியையும் முதலில் போட்டுவிட்டு, பிறகு மொத்தமாகக் கால் நடலாமா?

வேண்டாம். முதலில் நான்கு மூலைக் கால்களை நட்டு, நூல் கட்டி, அன்றைக்கு எத்தனை கால் நட முடியுமோ அத்தனை குழி மட்டும் போடுங்கள். குழி மூன்று நாள் திறந்து கிடந்தால் ஓரம் சரியும், மழை வந்தால் சேறு நிரம்பும். என் தோட்டத்தில் ஒருமுறை இப்படி இருபது குழி போட்டு விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் குட்டி ஒன்று ஒன்பதாவது குழிக்குள் நின்றபடி கத்திக்கொண்டிருந்தது. தலை மட்டும் வெளியே. அடி படவில்லை, ஆனால் குட்டியை எடுப்பதற்குள் குழியின் ஒரு பக்கம் முழுக்கச் சரிந்துவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் இரண்டு சட்டி கான்கிரீட் கூடுதலாகப் போனது.