சம்பளச் சீட்டு இருக்கும்போதே லோன் எடுத்துவிடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் 14 வருடமாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். வயது 36, திருமணமாகவில்லை. அம்மாவும் நானும் தோட்டத்து ஸ்டாஃப் வீட்டில் இருக்கிறோம். சம்பளம் 2,900 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித் தருகிறேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போகிறேனோ என்று தோன்றுகிறது. டவுனில் ஒரு பாலர் பள்ளியில் 1,900 வெள்ளிக்கு வரச் சொல்கிறார்கள். டிப்ளோமாவைச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாமாம். பேங்கில் 35,000 வெள்ளி பெர்சனல் லோன் ஓடுகிறது, மாதம் 562. "வேலையை விட்டால் பேங்க் உன்னைத் திரும்பிப் பார்க்காது. சீட்டு கையில் இருக்கும்போதே 50,000-ஆக டாப்-அப் பண்ணிடு. எனக்கு ஒரு வேன், உனக்குப் படிப்புச் செலவு" என்கிறார் அண்ணன். ஈப்போவில் 4,500 வெள்ளிக்கு 'வாழ்க்கை நோக்கம்' பயிற்சி ஒன்றும் நடக்கிறது. நான் வேலையை மாற்றலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது வேலையைப் பற்றி. என் கண் போனது நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டின் ஓரத்துக்கு. அங்கே பென்சிலில் ஒரு கணக்கு இருக்கிறது: 50,000, 10 வருடம், 625. கடைசி எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு. கடிதத்தில் நீங்கள் எழுதும் 5 வேறு மாதிரி இருக்கிறது. ஆகவே அது அண்ணனின் கை என்று நினைக்கிறேன்.

கணக்கு தப்பில்லை. 5 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் 50,000-க்குப் பத்து வருடம் மாதம் 625தான் வரும். இப்போது கட்டுவதைவிட 63 வெள்ளிதான் கூட. கேட்பவருக்கு, 'அறுபது வெள்ளிக்குக் கையில் பணமா' என்றுதான் தோன்றும். அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். இப்போதைய லோனில் இன்னும் 54 மாதம் பாக்கி, அதாவது சுமார் 30,400 வெள்ளி கட்டினால் எல்லாம் முடிந்தது. டாப்-அப் எடுத்தால் 120 மாதம், மொத்தம் 75,000. கூடுதலாகக் கட்டப் போவது 44,600. பழைய பாக்கியை பேங்க் பிடித்துக்கொண்டு கையில் தருவது 25,000-க்குப் பக்கம். அதில் வேன் போக உங்கள் படிப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அண்ணனைக் கேட்டீர்களா?

அந்த 5 விழுக்காட்டையும் நம்ப வேண்டாம். ஃபிளாட் வட்டி என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. உண்மை வட்டி 9 விழுக்காட்டுக்குப் பக்கம் வரும். இரண்டரை வருடமாக ஏறக்குறைய 16,900 வெள்ளி கட்டிவிட்டீர்கள், அசலில் கரைந்தது பத்தாயிரம் சொச்சம்தான்.

இது முதல் தடவையாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டமாட்டேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் அண்ணனின் பழைய லோரிக்கு 15,000. 2019-இல் அதை 25,000 ஆக்கியது தங்கை கல்யாணத்துக்கு. 2023-இல் 35,000, அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு. ஒவ்வொரு தடவையும் கடன் பாதிக்கு இறங்கும் நேரத்தில் யாரோ ஒருவர் வந்து மறுபடி ஏற்றிவிடுகிறார். 2019 லோனை மட்டும் அப்படியே விட்டிருந்தால், கோவிட் மோரட்டோரியம் (தவணை ஒத்திவைப்பு) ஆறு மாதத்தையும் சேர்த்து, 2026 முடிவதற்குள் முடிந்திருக்கும். இந்த வருடம் மாதம் 562 வெள்ளி மிச்சத்தோடு பாலர் பள்ளி வாசலில் நின்றிருப்பீர்கள். உங்களைக் கிராணி நாற்காலியில் கட்டிப் போட்டிருப்பது தோட்டத் துரை இல்லை, இந்த டாப்-அப்தான்.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கி வருகிறார், அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று லோனும் உங்கள் பேரில். லோரி விற்றாகிவிட்டது, கடையும் மூடியாகிவிட்டது, தவணை மட்டும் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. அவருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் பேங்க் முதலில் அவரைத் தேடும். இங்கே கடன்காரரே நீங்கள்தான். அவருக்கு வேன் தேவையென்றால் அவர் பேரில் ஹயர் பர்ச்சேஸ் எடுக்கட்டும். பேங்க் அவருக்குத் தராது என்றால், அவருடைய வரவு செலவைப் பார்த்த பிறகும் பேங்க் எடுக்கத் துணியாத அபாயத்தை நீங்கள் ஏன் எடுக்க வேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம். மாறலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். 2,900-இல் சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் போக இப்போது கைக்கு வருவது 2,560 இருக்கும். 1,900-இல் 1,680-க்குப் பக்கம் வரும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ஆகிவிட்ட நாட்டில் அது பெரிய சம்பளம் இல்லை. இதில் உங்கள் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: வீடு. வேலையை விட்டால் சாவியையும் கொடுத்தாக வேண்டும். டவுனில் அம்மாவோடு இருக்க ஒரு வீடு 550 வெள்ளி என்று வையுங்கள். 1,680-இல் தவணை 562, வாடகை 550 போக மிஞ்சுவது 568. அதில் சாப்பாடு, பெட்ரோல், அம்மாவின் மருந்து, தண்ணீர், லைட் பில். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டு மாதம் பத்தாம் தேதியே கடன் கேட்டு நிற்க வேண்டி வந்தால் அந்தப் பாட்டும் கசந்துவிடும்.

சேமநிதியும் குறையும். இப்போது உங்கள் 11, முதலாளியின் 13 விழுக்காடு சேர்த்து மாதம் 696 போகிறது, அங்கே 456. நீங்களே வேலையை விட்டால் வேலை காப்புறுதித் திட்டத்தில் காசு கிடைக்காது, அது வேலை இழந்தவர்களுக்கு. அதை நம்பி இருக்க வேண்டாம்.

அந்த 'வாழ்க்கை நோக்கம்' பயிற்சியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உங்கள் நோக்கம் என்னவென்று ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் காசு வாங்காமல் சொல்லிக் கொண்டிருக்கிறது. ஹோட்டலில் இரண்டு நாள் கண்ணை மூடிக் கைதட்டுவதற்கு 4,500 வெள்ளி, அதையும் தவணை ஆப்பில் கட்டலாமாம். இப்போதெல்லாம் வேலை பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் போதும், அதை ஒரு பேக்கேஜாக விற்க ஆள் வந்துவிடுகிறது.

அந்தக் காசு டிப்ளோமாவுக்குப் போகட்டும். பாலர் பள்ளியில் நிலைக்க வேண்டுமானால் அந்தத் தாள் தேவை, அதைச் சேர்ந்த பிறகு படிப்பதைவிட இப்போதே வார இறுதி வகுப்பில் தொடங்குங்கள். கட்டணத்துக்குச் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்க முடியுமா என்று ஈப்போ அலுவலகத்தில் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கைத் தொடாதீர்கள். 2024 மே-யிலிருந்து மாதம் எழுபது வெள்ளிபோல்தான் அதில் சேர்கிறது, அம்மாவுக்கு அவசரம் வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

படிப்பு முடிய இரண்டரை வருடம் என்று வையுங்கள். அதற்குள் கடனையும் முடிக்கலாம். நீங்கள் கட்டும் 350 வெள்ளி கூட்டு (சீட்டு நிதி) இந்த வருடம் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி சேராதீர்கள். தலைவி நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் கூட்டு நடத்துவதையே தொழிலாக வைத்துக்கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பணம் போனால் எங்கே போய்க் கேட்பீர்கள்? அந்த 350-ஐத் தனியாகப் போடுங்கள். ஏ.எஸ்.எம். (அமானா சஹாம் மலேசியா முதலீட்டு நிதி) யூனிட் கிடைத்தால் அதில், இல்லையென்றால் ஃபிக்ஸட் டெபாசிட்டில். ஃபிளாட் வட்டி லோனில் மாதா மாதம் கூடுதலாகக் கட்டுவதால் பெரிய லாபம் இருக்காது, சேர்த்து வைத்து ஒரே தடவையில் முடிப்பது நல்லது. முப்பது மாதத்தில் 10,500 சேரும். அப்போது முடித்துக்கட்டும் தொகை பன்னிரண்டாயிரம் பதிமூன்றாயிரம் இருக்கும். போனஸைச் சேர்த்தால் தீர்ந்தது.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள்: சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, லயத்துக்கு லயம் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க. பத்து வெள்ளி அன்று சும்மா இல்லை, கட்டினார்கள். அவர்களிடம் யாரும் டாப்-அப் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

இடையில் ஒரு பள்ளி விடுமுறையில் வருட லீவு போட்டு அந்தப் பாலர் பள்ளியில் ஒரு வாரம் நின்று பாருங்கள். ஞாயிறு வரும் பிள்ளை விருப்பத்தோடு வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வரும் பிள்ளை அழுதுகொண்டு வரும், சட்டையில் வாந்தி எடுக்கும், அம்மா வாசலிலேயே விட்டுவிட்டு ஃபேக்டரிக்கு ஓடிவிடுவார். வெள்ளிக்கிழமை மாலையும் அதே ஆசை இருந்தால் சரி. அப்புறம் அங்கே வேலை செய்யும் ஓர் ஆசிரியையிடம் சேமநிதி செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முதலாளி மாதா மாதம் கட்டுகிறாரா என்று அதில் தெரிந்துவிடும். சின்ன இடங்களில் சிலர் கட்டுவதில்லை.

ஒருவேளை டாப்-அப் பாரத்தில் ஏற்கனவே கையெழுத்து போட்டுவிட்டீர்களா? பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் இன்றே பேங்குக்குப் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். தவணை மூச்சு முட்டினால் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பென்சிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 625-க்குப் பக்கத்தில் 75,000 என்று எழுதி, சீட்டை அவர் பக்கம் தள்ளுங்கள். சாப்பாடு முடிந்த பிறகு.