மேசைக் கணினியில் 64 கோர்கள் யாருக்கு? வாசகர் கேள்வி–பதில்

பல கோர் பிராசஸர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தொகுத்து இந்த இதழில் விடையளிக்கிறேன். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்து இயங்கிக் கணக்கிடும் ஓர் அலகு.

கேள்வி: உலகமே கைப்பேசிக்கு மாறிவிட்ட பிறகும் 16, 32, 64 கோர்கள் கொண்ட மேசைக் கணினிப் பிராசஸர்களை நிறுவனங்கள் ஏன் வெளியிடுகின்றன? இது தேய்ந்துகொண்டிருக்கும் சந்தை அல்லவா?

பதில்: சந்தை மாறிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, 2016 அக்டோபரில் உலக இணையப் பயன்பாட்டில் கைப்பேசியும் டேப்லெட்டும் சேர்ந்து 51.3 விழுக்காட்டை எட்டி, மேசைக் கணினியையும் மடிக்கணினியையும் முதன்முறையாக முந்தின. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஏஎம்டி நிறுவனம் மார்ச்சில் 8 கோர் ரைசனையும் ஆகஸ்டில் 16 கோர் திரெட்ரிப்பரையும் வெளியிட, இன்டெல் செப்டம்பரில் 18 கோர் கொண்ட கோர் ஐ9-7980எக்ஸ்இ பிராசஸரைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் திரெட்ரிப்பர் 3990எக்ஸ் 64 கோர்களைத் தொட்டது. பணிநிலையங்களுக்கான திரெட்ரிப்பர் புரோ வரிசை 2023இல் 96 கோர்களை எட்டியது. கைப்பேசி முந்திச் சென்ற அதே காலத்தில் மேசைக் கணினியின் கோர் எண்ணிக்கை இவ்வளவு வேகமாக ஏறியது தற்செயலாக நடந்ததன்று.

இதற்கு முதற்காரணம் தொழிற்சாலை. பிற நிறுவனங்களுக்குச் சிப் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் உற்பத்தி முறையில் (இந்த எண் குறையக் குறைய முறை புதியது) 2018இல் ஐபோனுக்கான ஆப்பிள் ஏ12 வந்தது. அதே தலைமுறை உற்பத்தி முறையில் ஏஎம்டியின் ஜென் 2 பிராசஸர் வடிவமைப்பு மறு ஆண்டுதான் வந்தது. 5 நானோமீட்டரில் ஆப்பிள் ஏ14 2020இல் வர, ஜென் 4 2022இல் வந்தது. புதிய உற்பத்தி முறை ஒன்றைச் செம்மைப்படுத்த ஆகும் பெருஞ்செலவைக் கோடிக்கணக்கில் விற்கும் கைப்பேசிச் சிப்கள் தாங்கிக்கொள்கின்றன. மேசைக் கணினி அந்த வழியே பின்னால் வந்து பயனடைகிறது. இரண்டாவது காரணம் சர்வர். ஜென் 2 தலைமுறையில் 8 கோர்கள் அடங்கிய ஒரு சிறு சிலிக்கான் துண்டு, அதாவது சிப்லெட், வடிவமைக்கப்பட்டது. அதில் ஒன்றோ இரண்டோ வைத்தால் ரைசன். எட்டு வைத்தால் 64 கோர் எபிக் சர்வர் பிராசஸர். நாம் கைப்பேசியில் பார்க்கும் ஒவ்வொரு காணொளிக்கும், செய்யும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் பின்னால் சர்வர்கள் இயங்குகின்றன. அவற்றுக்காகச் செய்த துண்டைத்தான் மேசைக் கணினிக்காரரும் வாங்குகிறார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. தனக்கென்று பெரிய வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத பொருள், நிறுவனத்தின் வசதிக்கேற்ப வரும், போகும். இன்டெல்லின் கோர் எக்ஸ் வரிசை 2019க்குப் பிறகு தொடரவில்லை. திரெட்ரிப்பரின் 5000 தலைமுறை 2022இல் புரோ வரிசையாக மட்டுமே வந்ததால், சாதாரண வாடிக்கையாளர்கள் அடுத்த தலைமுறைக்காக 2023 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. எனவே 32 கோருக்கு மேற்பட்ட ஒரு கணினியை வாங்குபவர், அதே மதர்போர்டில் அடுத்த தலைமுறைப் பிராசஸரைப் பொருத்திக்கொள்ளலாம் என்று நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், அது கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறது என்பேன். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் மூலநிரலை முழுமையாகக் கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் மென்பொருளாக மாற்ற, 64 ஜிபி நினைவகம் கொண்ட 72 கோர் கணினியில் ஏறத்தாழ 40 நிமிடங்களும், அதே அளவு நினைவகம் கொண்ட 6 கோர் கணினியில் ஏறத்தாழ 6 மணி நேரமும் ஆகும் என்று கூகுளின் ஆவணமே குறிப்பிட்டிருக்கிறது. ஒருவர் காலையில் ஒரு திருத்தம் செய்து, அதன் விளைவை மாலையில்தான் பார்க்க முடியும் என்றால் அவரால் எத்தனை திருத்தங்களைச் சோதித்துவிட முடியும்? கைப்பேசியின் மென்பொருள், விளையாட்டுகள், அதில் ஓடும் அசைவூட்டப் படங்கள், ஏன், அதன் சிப்பின் வடிவமைப்புச் சோதனைகள்கூடப் பல கோர் கணினிகளில்தான் உருவாகின்றன. பயன்படுத்துவோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தப் பிராசஸர்களை அளப்பது முறையாகாது.

கேள்வி: கோர்களைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரே கோரின் வேகத்தைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதும் என்றுதான் 2004 வரை எல்லோரும் நம்பினார்கள். டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும், ஆகவே வெப்பம் கூடாமலே வேகத்தைக் கூட்டலாம் என்பது 1974இல் பொறியாளர் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் வகுத்துக் காட்டிய நெறி. மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியாத நிலை வந்ததும், கசியும் மின்சாரம் பெரும் வெப்பமாக மாறியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2005இல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே இரட்டைக் கோர் பிராசஸர்களைக் கொண்டுவந்தன. இன்று உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. இருபது ஆண்டுகளில் அது இரு மடங்குகூட ஆகவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், கோர்களைக் கூட்டுவது எவ்வளவு கட்டாயமான வழி என்பது விளங்கும்.

கேள்வி: என் கைப்பேசியிலும் 8 கோர்கள் இருக்கின்றன. அப்படியானால் அது 8 கோர் மேசைக் கணினிக்குச் சமமா?

பதில்: சமமில்லை. கைப்பேசியின் 8 கோர்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வேகமான பெரிய கோர்களையும், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறிய கோர்களையும் ஒரே சிப்பில் வைக்கும் முறையை ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்தது. அன்றிலிருந்து பெரும்பாலான கைப்பேசிகள் அவ்வழியே வந்தன. அதைவிட முக்கியமானது வெப்பம். விசிறி இல்லாத மெல்லிய கருவியால் ஒரு சில வாட் வெப்பத்தைத்தான் தொடர்ந்து வெளியேற்ற முடியும். உயர்நிலை மேசைக் கணினிப் பிராசஸர் 170 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நொடியில் முடியும் வேலையில் சிறந்த கைப்பேசிச் சிப் மேசைக் கணினியின் ஒரு கோருக்கு ஈடுகொடுக்கும் என்பது உண்மைதான், அது பெரிய சாதனையும்கூட. ஆனால் அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடும் வேலையில் கைப்பேசி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கோர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம் என்பதற்குக் கைப்பேசி வரலாறே சான்று. மீடியாடெக் 2015இல் 10 கோர் ஹீலியோ எக்ஸ்20 சிப்பை அறிவித்தது. அதே ஆண்டு வந்த ஆப்பிள் ஏ9இல் இருந்தவை 2 கோர்கள் மட்டுமே. ஆயினும் அன்றாடப் பயன்பாட்டில் அந்த 2 கோர்கள் பின்தங்கிவிடவில்லை. இந்தக் கலப்பு முறை 2021இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறை வழியாக மேசைக் கணினிக்கும் பரவலாக வந்துவிட்டது. கோர் ஐ9-13900கே பிராசஸரின் 24 கோர்களில் 8 பெரியவை, 16 சிறியவை. ஆகவே அதன் 24ஐயும் ரைசன் 9இன் 16ஐயும் நேருக்கு நேர் வைத்து எது பெரிய எண் என்று பார்ப்பதில் பொருளில்லை.

கேள்வி: நான் மென்பொருள் பயிலும் மாணவி, காணொளித் தொகுப்பும் செய்கிறேன். எத்தனை கோர்கள் கொண்ட கணினி எனக்கு ஏற்றது?

பதில்: முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையில் பகிர்ந்தளிக்க முடியாத பகுதிதான் அதன் வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் வாதிட்டார். வேலையின் 90 விழுக்காட்டைக் கோர்களிடையே பகிர முடியும் என்று கொள்வோம். 4 கோர்களில் அது ஏறத்தாழ 3 மடங்கு வேகமாக முடியும், 16இல் 6.4 மடங்கு, 64இல் 8.8 மடங்கு. ஆயிரக்கணக்கில் கோர்களைச் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. முதலில் சொன்ன ஆண்ட்ராய்டு எடுத்துக்காட்டிலேயே கோர்கள் 12 மடங்கு கூடியபோது நேரம் 9இல் ஒரு பங்காகத்தான் குறைந்தது. அதுவும் நன்றாகப் பகிரக்கூடிய வேலை.

ஆகவே உங்களிடம் இப்போது இருக்கும் கணினியில், உங்களை மிகவும் காக்க வைக்கும் வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொரு கோருக்குமான வரைபடத்தையும் தனித்தனியே பாருங்கள். எல்லாக் கோர்களும் உச்சத்தில் நின்றால் கூடுதல் கோர்கள் உதவும். ஒன்றிரண்டு மட்டும் உச்சத்தில் நின்று மற்றவை ஓய்ந்திருந்தால், ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள பிராசஸரைத் தேடுங்கள். பாடம், நிரலெழுதுதல், அளவான காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கு 8 கோர்கள் தாராளம். பெரிய நிரல்தொகுப்பைத் தினமும் கம்பைல் செய்பவர் 12 அல்லது 16 வரை போகலாம். காணொளியை இறுதி வடிவில் வெளியிடும் வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பே ஏற்றுக்கொள்வதால், அதற்காகவென்று கோர்களைக் கூட்ட வேண்டியதில்லை.

கோர்களுக்கு ஈடாக நினைவகமும் கூட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 16 கோர் ரைசனுக்கு நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் தடங்கள் இரண்டு. திரெட்ரிப்பரின் 7000 வரிசையில் நான்கும் அதன் புரோ வகையில் எட்டும் இருக்கின்றன. பெரும் தரவைப் புரட்டும் வேலைகளில், கோர்கள் எத்தனை இருந்தாலும் தரவு வந்து சேரும் வரை அவை காத்துக் கிடக்கும். மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்: 64க்கு மேற்பட்ட த்ரெட்களை (ஒரு கோர் ஒரே சமயத்தில் நடத்தும் வேலை ஓட்டங்கள்; 3990எக்ஸில் ஒரு கோருக்கு இரண்டு) விண்டோஸ் குழுக்களாகப் பிரித்து நடத்துவதால், 128 த்ரெட் கொண்ட 3990எக்ஸ் வந்த புதிதில் பல மென்பொருள்கள் பாதியை மட்டுமே பயன்படுத்தின.

கேள்வி: விளையாட்டுகளுக்கு 16 கோர்கள் தேவையா?

பதில்: தேவையில்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேஷ்தான் அங்கே கூடுதலாக உதவுகிறது. 2022இல் வந்த 8 கோர் ரைசன் 7 5800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3 கேஷின் துணையால் தன்னைவிடக் கோர் மிகுந்த பிராசஸர்களைப் பல விளையாட்டுகளில் முந்தியது.

கேள்வி: கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சிப்களும், இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கணினிகளும் சேர்ந்து இந்தப் பிராசஸர்களை இல்லாமல் செய்துவிடுமா?

பதில்: ஆர்ம் வகையின் வளர்ச்சியை நான் மனமார வரவேற்கிறேன். 2020இல் வந்த ஆப்பிள் எம்1, கைப்பேசியில் பழகிய வடிவமைப்பு கணினிக்கும் போதும் என்று காட்டியது. 2022இல் இரண்டு எம்1 மேக்ஸ் சிப்களை இணைத்து 20 கோர் எம்1 அல்ட்ரா உருவானது. ஆனால் அந்த முறைக்கு ஒரு விலை உண்டு. இன்டெல் பிராசஸர் கொண்ட 2019 மேக் புரோவில் 1.5 டிபி வரை நினைவகம் பொருத்த முடிந்தது. 2023இல் எம்2 அல்ட்ராவுடன் வந்த மேக் புரோவில் 192 ஜிபிதான் உச்சம், அதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நினைவகத்தையும் கிராஃபிக்ஸ் அட்டையையும் தேவைக்கேற்பப் பின்னர் கூட்டிக்கொள்ள விரும்புவோருக்குத் தனித்தனிப் பாகங்களாகக் கட்டப்படும் மேசைக் கணினிதான் இன்றும் வழி; அதன் உள்ளே இருப்பது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களின் எக்ஸ்86 வகையாக இருக்கிறதா, ஆர்ம் ஆக மாறுகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் நிலைக் கேள்விதான்.

கிளவுடைப் பொறுத்தவரை, கணினி நாள் முழுவதும் உழைக்கிறதா என்பதைப் பாருங்கள். மாதத்தில் ஓரிரு நாள் மட்டுமே கனமான வேலை வருபவர், அந்த நாள்களுக்கு மட்டும் 64 கோர் கணினியை வாடகைக்கு எடுப்பது அறிவுடைமை. காலை முதல் மாலை வரை கம்பைல் செய்பவரும், பல டிபி காணொளியைக் கையாள்பவரும் தரவை இணையத்தில் ஏற்றி இறக்கும் நேரத்தையும் மணிக்கணக்கில் ஏறும் வாடகையையும் ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்துவிட்டு, சொந்தக் கணினி வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.