இடுப்பு வலிக்கு அதிரும் கருவி தேவையா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் என் அம்மா மிதவைகளுக்கான கயிறுகளில் கடல்பாசி கட்டும் வேலைக்குப் போகிறார். வயது 48. ஒரு வருடமாக இடுப்பு வலி. பிசியோதெரபியில் முதுகில் டேப் ஒட்டி அனுப்பினார்கள். கூன் போட்டால் அதிரும் சென்சார் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் அம்மாவை இன்னும் சில தடவை பிசியோவிடம் கூட்டிப் போங்கள்.

ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 492 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. வலி பற்றிய பயத்தைப் போக்கி, அசைவுகளை மாற்றிப் பழக்கி, வேலைக்குப் படிப்படியாகத் திரும்ப வைத்த பயிற்சி நன்றாகவே பலன் தந்தது. ஒரு வருடம் கழித்தும் அது நிலைத்தது. அதில் ஒரு பிரிவினருக்கு சென்சாரும் பொருத்தினார்கள். அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

அப்படியானால் டேப் எதற்கு? வலி நாள்பட்டால், இடுப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. குனியும்போது டேப் தோலை இழுத்து அதை உணர்த்தும். அம்மா வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து பாசி கட்டட்டும். அப்புறம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கயிறை மடிக்கு அருகே வைத்துக் கட்டிப் பார்க்கட்டும். இழுப்பும் வலியும் சேர்ந்து குறைந்தால் அதுவே அவருக்கு ஏற்ற முறை. இழுப்பு குறைந்தும் வலி குறையவில்லையா? சரி, பிரச்சினை உட்காரும் விதத்தில் மட்டும் இல்லை என்று பிசியோவிடம் சொல்லுங்கள்.

முறை பழகியதும் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட வேண்டும். எப்போதும் அதையே நம்பியிருந்தால் உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளாது. உப்புத் தண்ணீரும் வியர்வையும் பட்டு அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

"நிமிர்ந்து உட்காரும்மா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். வலியில் இருப்பவர் ஏற்கெனவே இடுப்பை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த அதட்டல் விறைப்பைக் கூட்டும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான நிலை என்று ஒன்று கிடையாது. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் பலருக்கு வலியைக் கூட்டுகிறது. ஒரு கயிறு கட்டி முடிந்ததும் எழுந்து நாலு அடி நடந்துவிட்டு அடுத்ததைத் தொடட்டும்.

காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, வராமல் அடைத்தாலோ, பிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்த தடவை பிசியோவிடம் போகும்போது, அம்மா பாசி கட்டுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அம்மாவிடமே காட்டுங்கள்.