அந்தப் புத்தகத்தை ஏன் விடிவதற்குள் திரும்ப வைக்கிறீர்கள்?

கேள்வி: வயது 38. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணம்தான். அவன் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது. எனக்கு ஆங்கிலம் கற்க ஆசை. அவன் தூங்கிய பிறகு அவனுடைய கிராமர் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, விடிவதற்குள் பையில் வைத்துவிடுவேன். கேள்வி வாக்கியம் குழப்புகிறது, அணிகள் மனதில் நிற்கவில்லை. எந்தப் புத்தகம் வாங்கலாம்? எத்தனை மாதம் ஆகும்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: புத்தகம் இருக்கட்டும். விடிவதற்குள் ஏன் வைக்கிறீர்கள்?

அவனுக்குக் காலையில் வேண்டும் என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் கொடுடா, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று முதல் நாளே கேட்டிருக்கலாமே. சிரிப்பான் என்று பயம். ஏற்கெனவே ஒரு நாள் சிரித்திருப்பான், அவன் அப்பாவும் சேர்ந்து சிரித்திருப்பார், நீங்களும் அசடு வழிந்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பீர்கள். எனக்கு இப்படி வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தச் சிரிப்புதான் இருக்கிறது. அந்தப் புத்தகம் நீங்கள் ஹூக்கு தைத்துச் சேர்த்த காசில் வந்தது. அதைத் திருடியைப் போல எடுத்து வைக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவந்தது அவன் மட்டுமல்ல, நீங்களும்தான். தாயைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையைக் கண்டிக்காமல் வளர்த்துவிட்டு, ஆங்கிலம் வந்தால் மதிப்பான் என்று நினைக்கிறீர்கள். மதிக்க மாட்டான்.

சரி, கேள்வி வாக்கியத்துக்கு வருகிறேன். தமிழில் 'நீ எங்கே போகிறாய்', 'எங்கே போகிறாய் நீ' என்று எப்படிக் கேட்டாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் கேள்விச்சொல்லை அடுத்துத் துணைவினை, அப்புறம்தான் ஆள். 'வேர் யூ ஆர் கோயிங்' தப்பு, 'வேர் ஆர் யூ கோயிங்' சரி. துணைவினை இல்லாத வாக்கியம் என்றால் 'டூ', 'டஸ்', 'டிட்' ஒன்றைக் கொண்டுவர வேண்டும். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே காட்டிவிடும். 'வென் டிட் யூ கேம்' என்பது ஆகாது, 'கம்' என்றுதான் சொல்ல வேண்டும். செய்தவர் யார் என்று கேட்கும்போது மட்டும் 'டிட்' வேண்டாம்: 'ஹூ கேம்?'

படித்தால் இது புரிந்துவிடும். ஆனால் வாயில் வர எதிரே ஆள் வேண்டும். நடு ராத்திரியில் யாரைக் கேட்பீர்கள், தையல் மெஷினையா?

நாளை முதல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவனை எதிரே உட்காரவைத்துக் கேளுங்கள். 'வாட் டிட் யூ ஈட்?', 'ஹூ சாட் நெக்ஸ்ட் டு யூ?' தப்பை அவன் திருத்தட்டும். சிரித்தால் எழுந்து போகாதீர்கள். "டூவா டஸ்ஸா, அதைச் சொல்லிவிட்டுச் சிரி" என்று சொல்லுங்கள். பெற்றவளுக்குச் சொல்லித்தருவது பிள்ளை செய்யும் தயவு அல்ல, கடமை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னால் ஃபோனை வாங்கி வையுங்கள்.

அணிகளை விட்டுவிடுங்கள். பேசுவதற்கு அவை வேண்டாம், அவனுக்குத்தான் தேர்வில் வரும். அங்கே நீங்கள் அவனுக்கு வாத்தியாராகலாம். 'லைக்', 'ஆஸ்' போட்டு ஒப்பிட்டால் சிமிலி. அந்தச் சொற்கள் இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொன்னால் மெட்டஃபர். உவமையணியும் உருவக அணியும் எழுதித்தானே நீங்கள் பத்தாவது முடித்தீர்கள்? அலிட்டரேஷன் கிட்டத்தட்ட நம் மோனை. அவனுக்குத் தமிழில் இவை தெரியுமா என்று ஒரு முறை கேட்டுத்தான் பாருங்களேன்.

காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை மாதம் என்பதை, முதல் மாதம் பேசிய பிறகு கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பாவை அனுப்பாமல் நீங்களே போங்கள். அங்கே தமிழிலேயே பேசுங்கள். திண்டுக்கல்லில் பாடம் நடத்துகிற டீச்சருக்குத் தமிழ் புரியும்.